ஜாவாவில் எட்டு நாள்: ஓர் ஆயிரமாவது நாளும் இரண்டு தலைப்பிறையும்

முதல் நாள், 4 மார்ச் 2024, சுராபாயா

ஏன் வந்தோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பாலிக்குப் போகாமல் இங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். தோஹாவில் எங்கள் பக்கத்து ஃபிளாட்டில் இந்தோனேசியாவின் ஜாவா தீவுக் குடும்பம் ஒன்று இருந்தது. அந்த அக்காவை நான் "ம்பாக்" என்று கூப்பிடுவேன், எங்க காயல்பட்டினத்து லாத்தா மாதிரி ஒரு சொல். அவர் என்னை "டிக்" என்பார், தங்கச்சி. 2021 ஜூனில் அவருடைய வாப்பா குடுஸ் ஊரில் கொரோனாவில் மவுத்தானார். ஈது முடிந்த கையோடு டெல்டா அலை அந்த ஊரைப் புரட்டிப் போட்ட நேரம். விமானம் கிடைக்கவில்லை. ம்பாக் எங்கள் வீட்டுச் சமையலறைத் தரையில் உட்கார்ந்து, போனை மாவு டப்பாவில் சாய்த்து வைத்து, ஏழு ராத்திரியும் குர்ஆனின் யாசீன் அத்தியாயத்தை ஓதினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கூடவே ஓதினேன், வேறென்ன செய்ய.

அவர்கள் குடும்பத்தோடு ஊர் திரும்பி இரண்டு வருஷமாகிறது. "வாப்பாவுக்கு ஆயிரமாவது நாள் வருகிறது, நீ வரணும்" என்று ஜனவரியில் வாய்ஸ் மெசேஜ். ஆயிரமாவது நாளா! எங்க ஊரில் மூன்று, ஏழு, நாற்பது, அப்புறம் மவுத்தானவருக்காக ஓதும் வருஷ பாத்திஹா, அதோடு சரி. என் வீட்டுக்காரர், மச்சான் என்றுதான் கூப்பிடுவேன், லீவு கேட்டார், கிடைத்தது, கிளம்பிவிட்டோம்.

இறங்கியதும் நேராக அம்பெல். வாலி சோங்கோ, அதாவது ஜாவாவுக்கு இஸ்லாத்தைக் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் ஒன்பது வலிமார்களில், அதாவது இறைநேசர்களில், ஒருவரான சுனான் அம்பெலின் பள்ளிவாசலும் அவரை அடக்கிய கபுரும் இங்கே. பள்ளிக்குப் போகும் சந்து முழுக்க ஏமன் வழிவந்த ஹத்ரமி அரபுகளின் கடைகள். அத்தர், பேரீச்சம்பழம், தஸ்பீஹ், தொப்பி என்று கொட்டிக்கிடக்கிறது. ஒரு கைலிக் கடையில் மச்சான் நின்றுவிட்டார். கட்டம் போட்ட கைலிக்கு இங்கே "சாருங் பலேகாட்" என்று பெயர். பலேகாட் என்றால் நம்ம பழவேற்காடு! சோழமண்டலக் கரையிலிருந்து துணி ஏறி வந்த காலத்தின் மிச்சம். கடைக்காரருக்கு அது ஓர் ஊர் என்றே தெரியாது, நெசவின் பெயர் என்று நினைத்திருக்கிறார். மச்சான் மேப்பில் காட்டினார். மனிதர் பார்த்துவிட்டுச் சிரித்தார், விலையை மட்டும் குறைக்கவில்லை.

கபுரைச் சுற்றி நாற்பது ஐம்பது பேராகக் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரே நிறத்தில் பாத்திக் சட்டை, ஒரு கொடி, கையில் மைக்கோடு ஒரு தலைவர். எல்லோரும் "லா இலாஹ இல்லல்லாஹ்" சொல்கிறார்கள், ஆனால் ஒவ்வொரு கூட்டமும் தனித்தனி வேகத்தில். இந்தப் பக்கம் மெதுவாக, அந்தப் பக்கம் ரயில் மாதிரி. ஒன்றுக்கு மேல் ஒன்று விழுந்து கடைசியில் கடல் இரைச்சல் மாதிரி ஒரே ஓசையாகிவிடுகிறது. பெரும்பாலும் பெண்கள், அதிலும் அறுபதைத் தாண்டியவர்கள். ஒன்பது வலிமார்களையும் ஒரே சுற்றில் ஜியாரத் செய்ய பஸ் பிடித்து வருகிறார்கள்: கிழக்கு ஜாவாவில் ஐந்து, மத்திய ஜாவாவில் மூன்று, சிரெபோனில் ஒன்று. தூங்குவதெல்லாம் பஸ்ஸிலேயே. ஒரு பாட்டியின் முழங்காலில் வலிக்கு ஒட்டும் பிளாஸ்டர், கையில் ஜம்ஜம் கேன் மாதிரி ஒரு கேன், இங்கே ஜாடியில் வைத்திருக்கும் கிணற்றுத் தண்ணீரைப் பிடித்துக்கொள்ள.

பள்ளியின் பக்கத்தில் ஒரே ஆளுக்கு ஒன்பது கபுர்கள் உண்டு. ம்பா சொலே என்று பள்ளியைக் கூட்டிப் பெருக்கியவர். அவர் மவுத்தானதும் சுனான் அம்பெல், "சொலே இருந்தால் பள்ளி எவ்வளவு சுத்தமாக இருக்கும்" என்றாராம், மனிதர் எழுந்து வந்து பெருக்கினாராம், அப்படி ஒன்பது தடவை. ஒரு துப்புரவுக்காரருக்கு இவ்வளவு மரியாதை வைத்த கதையை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

தொழப் போனால் பெண்களும் பள்ளிக்குள்ளேயே தொழுகிறார்கள். எங்க ஊரில் பெண்கள் தொழத் தனியாகத் தைக்கா உண்டு, நோன்பு மாத இரவுத் தொழுகையான தராவீஹும் அங்கேதான், பள்ளிக்குள் மட்டும் நான் காலெடுத்து வைத்ததில்லை. வாசலில் தயங்கி நின்றதைப் பார்த்து ஒரு பெண், துணி மறந்துவிட்டேன் என்று நினைத்து அலமாரியிலிருந்து "முக்கெனா" எடுத்துக் கொடுத்தார். தலையிலிருந்து இடுப்புக்குக் கீழே வரை ஒரு வெள்ளைத் துணி, இடுப்பிலிருந்து பாதம் வரை ஒரு பாவாடை, தொழுகைக்கென்றே. முகம் வரும் இடத்தில் எலாஸ்டிக். யாரோ ஒருத்தர் பவுடர் வாசனை அதில் இருந்தது. முப்பத்தெட்டு வயதில் முதல்முறையாக ஒரு பள்ளிக்குள் அஸர் தொழுதேன், மனசு ஒருநிலைப்படவே இல்லை. மேலே விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாம் நாள், 5 மார்ச், கிரெசிக், அப்புறம் பஸ்

காலையில் கிரெசிக். மவுலானா மாலிக் இப்ராஹீமின் கபுர், 1419 என்று வருஷம் பொறித்த கல். குஜராத்தின் காம்பேயில் செதுக்கிய பளிங்கோடு ஒத்துப்போகிறது என்கிறார்கள், நுணுக்கமான எழுத்து. அதே வட்டாரத்தில் லெரான் என்ற ஊரில் ஃபாத்திமா பின்த் மைமூன் என்ற பெண்ணின் கபுர் இருக்கிறது, கல்வெட்டில் வரும் ஆண்டு 1082. ஒன்பது வலிமார்களுக்கும் முந்தியது. ஜாவாவில் கிடைத்த மிகப் பழைய இஸ்லாமியக் கல்வெட்டு ஒரு பெண்ணின் பெயரில் இருக்கிறது, ஆனால் எங்களோடு நின்ற பஸ் கூட்டம் எதுவும் அங்கே போகவில்லை. எங்களுக்கும் நேரமில்லை, போகவில்லை, வருத்தம்தான்.

மத்தியானம் பஸ் ஏறினோம். டிக்கெட் போட்டுக் கொடுத்தவர் "குளிர்சாதனம், நேராகப் போகும்" என்றார். குளிர்சாதனம் இருந்தது, நேராகப் போகவில்லை. துபான், ரெம்பாங், பத்தி என்று வடக்குக் கரையில் ஏறக்குறைய எல்லா ஊரிலும் நின்று இரவு பத்தரைக்கு குடுஸ். தேர்தல் முடிந்து மூன்று வாரமாகியும் வழியெல்லாம் வேட்பாளர் படங்கள், அதில் பாதிப் பேர் கறுப்புப் பெசி தொப்பியோடு சிரிக்கிறார்கள்.

ம்பாக்கைக் கட்டிப்பிடித்து அழுததை எழுத வேண்டாம் என்று இருக்கிறேன்.

மூன்றாம் நாள், 6 மார்ச், குடுஸ்

குடுஸ் என்ற பெயரே அல்-குத்ஸ், ஜெருசலம். பள்ளிக்குப் பெயர் அல்-அக்ஸா. தொழும் திசையைக் காட்டும் மாடமான மிஹ்ராபுக்கு மேலே உள்ள கல்லில் ஹிஜ்ரி 956, அதாவது 1549 என்று இருக்கிறது. ஆனால் ஊருக்குள் நுழைந்ததும் கண்ணில் படுவது பள்ளி இல்லை, அதன் முன்னால் நிற்கும் செங்கல் கோபுரம். பார்த்தவுடனே மச்சான் "இது கோயில்டி" என்றார். இஸ்லாத்துக்கு முந்தைய மஜாபாஹித் அரசு காலத்துக் கோயில் கட்டும் முறையிலேயே அடுக்கடுக்காகக் கட்டியிருக்கிறார்கள். சுவரில் பீங்கான் தட்டுகளைப் பதித்து, உச்சியில் ஓட்டுக்கூரையின் கீழே பெடுக் என்ற பெரிய முரசைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளூ செய்யும் இடத்தில் எட்டுத் துவாரங்கள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு கல் முகம். புத்தரின் எண்வழிப் பாதையின் ஞாபகம் என்று ஊரில் சொல்கிறார்கள். பள்ளியின் உள்ளே, தொழும் கூடத்துக்குள்ளேயே, ஒரு பழைய செங்கல் வாசல் நிற்கிறது. அதை இடிக்காமல் அதைச் சுற்றிப் பள்ளியைப் பெரிதாக்கியிருக்கிறார்கள்.

ஊரில் மாடு அறுப்பதில்லை. சுனான் குடுஸ் ஒரு பசுவை அலங்கரித்துப் பள்ளி வாசலில் கட்டிவைத்தாராம், வேடிக்கை பார்க்க வந்த இந்துக்களிடம், இதை இந்த ஊரில் யாரும் அறுக்க வேண்டாம் என்று சொன்னாராம். கதை எவ்வளவு உண்மையோ, இன்றைக்கும் குடுஸ் சோத்தோ என்றால் எருமைக்கறிதான் அல்லது கோழி. சின்னக் கிண்ணத்தில் சோறும் சாறும் ஒன்றாக, மேலே பொரித்த பூண்டு. அந்த இந்துக்கள் மதம் மாறிப் பல தலைமுறை ஆகிவிட்டது, யாருக்காகச் சொன்னாரோ அவர்கள் ஊரில் இல்லை, ஆனாலும் சொல் நிற்கிறது. சட்டம் கிடையாது, தடியோடு காவல் நிற்பவர் கிடையாது. இந்த விஷயத்தில் நம்ம நாட்டு நிலவரத்தை இங்கே இழுத்துப் பேச ஆரம்பித்தால் கிண்ணம் ஆறிவிடும், விடுங்கள்.

நோன்பு நெருங்குவதால் பள்ளித் தெருவில் தண்டாங்கான் சந்தை. முரசின் "டாங் டாங்" ஓசையில் வந்த பெயராம். பிளாஸ்டிக் வாளி, ஹிஜாப் பின், பேய் வீடு, ராட்டினம் எல்லாம் உண்டு. நம்ம கந்தூரிக் கடைத்தெருதான்.

ம்பாக்கின் அண்ணன் மகள் பெசாந்த்ரேனில், அதாவது விடுதியோடு கூடிய மதரஸாவில் ஓதுகிறாள், பதினாறு வயது. அவள் கிதாபைக் காட்டச் சொன்னேன். மஞ்சள் காகிதம், அகல இடைவெளி விட்டு அரபு வரிகள். ஒவ்வொரு அரபுச் சொல்லின் அடியிலும் பென்சிலால் சாய்வாகச் சின்ன எழுத்து, மரத்தில் வௌவால் தொங்குகிற மாதிரி. ஆசிரியர் வாசிக்க வாசிக்க அந்தச் சொல்லுக்கு ஜாவானிய அர்த்தத்தை அரபு எழுத்தில் எழுதிக்கொள்கிறார்கள். இந்த எழுத்துக்குப் பெயர் பெகோன். ஜாவானிய மொழிக்கு உண்டான "ச", "ங" ஓசைகளுக்கு அரபு எழுத்தில் கூடுதலாகப் புள்ளி வைத்திருக்கிறார்கள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. உம்மும்மாவின் அரபுத்தமிழ் ஏடுகளிலும் இதே மாதிரி புள்ளிகள். உம்மும்மாவுக்குத் தமிழ் எழுத்து தெரியாது, ஆனால் அரபு எழுத்தில் தமிழை மளமளவென்று வாசிப்பார். எனக்குத் தமிழ் தெரியும், அந்த ஏட்டை எழுத்துக்கூட்டத்தான் முடியும். இந்தப் பிள்ளைக்கு இரண்டும் வருகிறது, போனில் ரீல்ஸும் போடுகிறாள்.

கிதாபின் பெயர் ஃபத்ஹுல் முயீன். எழுதியவர் கேரளத்துப் பொன்னானி மக்தூம். ஜாவாக்காரர்களும் ஷாஃபிஈ சட்ட வழி, நாங்களும் ஷாஃபிஈ. சுபுஹ் தொழுகையில் குனூத் துஆ ஓதும்போது, அந்நிய ஊரில் இருக்கிறோம் என்ற நினைப்பே போய்விடுகிறது.

நான்காம் நாள், 7 மார்ச், ந்யெவு

ஆயிரத்துக்கு ஜாவானியச் சொல் சேவு, ஆயிரமாவது நாள் சடங்கு ந்யெவு. நாளை எப்படிக் கணக்கு வைக்கிறார்கள் என்று கேட்டேன். காலண்டரில் எண்ணிக்கொண்டிருப்பதில்லை. இவர்களுக்கு ஏழு கிழமையோடு ஐந்து நாள் வாரம் ஒன்றும் உண்டு: லெகி, பஹிங், பொன், வாகே, க்லிவோன். மவுத்தான நாளை ஒன்று என்று வைத்து எண்ணினால் ஆறாவது கிழமையும், ஐந்தில் ஐந்தாவது நாளும் எப்போது ஒன்றாக வருகிறதோ அதில் ஒன்றுதான் ஆயிரமாவது நாள். ம்பாக்கின் வாப்பா 2021 ஜூன் 12 சனிக்கிழமை இஷாவுக்குப் பிறகு மவுத்தானார், பொழுது சாய்ந்ததால் இவர்கள் கணக்கில் ஞாயிறு க்லிவோன். ஆகவே வெள்ளி வாகே, அது வியாழன் மஃரிபில் தொடங்குகிறது. நான் போன் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன், மிகச் சரியாக வந்தது. ம்பாக்கின் உம்மா என் போனைப் பார்த்துச் சிரித்தார்.

காலை ஐந்து மணிக்கே வீட்டின் பின்பக்கம் இருபது பெண்கள். ரெவாங் என்கிறார்கள், கூப்பிடாமலே அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து சமைத்துக் கொடுப்பது. வரும்போது ஒரு பையில் அரிசியோ சர்க்கரையோ முட்டையோ கொண்டுவருகிறார்கள், ஒரு சின்னப் பெண் நோட்டில் எழுதிக்கொள்கிறாள், யார் எவ்வளவு என்று. அடுத்து அவர்கள் வீட்டில் விசேஷம் வரும்போது அதே அளவு திரும்பிப் போகவேண்டும். மொய் நோட்டு! தேங்காய் துருவும் வேலை எனக்கு. இவர்கள் துருவுவதற்கு அரிவாள்மணை கிடையாது, கையில் பிடிக்கும் துருவிதான், விரல் தேய்ந்தது.

என் எதிரே உட்கார்ந்து பெட்டி மடித்துக்கொண்டிருந்தவர் ம்பாக்கின் தம்பி மனைவி. யோக்யகர்த்தாக்காரர், கல்லூரியில் பாடம் நடத்துகிறார். முஹம்மதியா குடும்பம். தெரியாதவர்களுக்கு: இந்த நாட்டில் இரண்டு பெரிய முஸ்லிம் அமைப்புகள். ஒன்று முஹம்மதியா, 1912-ல் அஹ்மத் தஹ்லான் யோக்யகர்த்தாவில் தொடங்கியது. குர்ஆன் ஹதீஸில் இல்லாததைச் சேர்க்காதே, பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் கட்டு என்பது அவர்கள் வழி. மற்றது நஹ்தலத்துல் உலமா, 1926-ல் ஹாஷிம் அஷ்அரி முதலான ஆலிம்கள் சுராபாயாவில் தொடங்கியது. மத்ஹபு என்ற சட்ட வழிகள், ஜியாரத், மவ்லிது, மவுத்தானவருக்காகக் கூடி ஓதும் தஹ்லீல் எல்லாம் வேண்டும் என்பவர்கள். மக்காவை சவூதிகள் பிடித்தபோது கபுர்களை இடிக்காதீர்கள், மத்ஹபுகளைத் தடுக்காதீர்கள் என்று சொல்ல ஒரு குழுவை அமைத்தார்கள், அதிலிருந்து பிறந்த அமைப்பு. நம்ம பக்கம் கடந்த முப்பது நாற்பது வருஷமாக வீட்டுக்கு வீடு நடக்கிற அதே சண்டை, இங்கே நூறு வருஷப் பழசு.

என் வீட்டிலும் நடந்தது. வாப்பாவின் நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்கு என் காக்கா, அதாவது அண்ணன், வரவில்லை. தெருமுனை வரை வந்து நின்றுவிட்டுப் போனதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அன்றைக்கு ஆக்கிய நெய்ச்சோற்றை உம்மா கொடுத்தனுப்பினார், மூடி திறக்காமல் திரும்பி வந்தது. ஆறு வருஷமாகிறது, அந்தத் தூக்குச்சட்டி ஞாபகம் வராமல் எங்கள் வீட்டில் ஒரு பாத்திஹாவும் நடப்பதில்லை.

அதனால் அவரிடம் நேரடியாகவே கேட்டுவிட்டேன், நீங்கள் எப்படி இதில் என்று. அவர் பெட்டி மடிப்பதை நிறுத்தவில்லை. "நான் தஹ்லீல் ஓத மாட்டேன், உள்ளே உட்கார மாட்டேன். ஆனால் மாமனார் எனக்கும் மாமனார்தானே, வெங்காயம் உரிக்க எந்த ஹதீஸ் தடுக்கிறது?" பக்கத்திலிருந்த கிழவி ஜாவானியத்தில் ஏதோ சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். ம்பாக் மொழிபெயர்த்தார்: "முஹம்மதியாக்காரி மடிக்கிற பெட்டிதான் நேராக நிற்கும்."

மஃரிப் முடிந்ததும் ஆண்கள் வந்தார்கள். கைலி, பெசி, அக்குளில் பெர்ஃப்யூம். முன்கூடத்தில் பாயை விரித்துச் சுவரோரமாக வட்டம். "இலா ஹள்ரத்தின் நபிய்யில் முஸ்தஃபா" என்று தொடங்கியதும் நான் கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டேன். சொல்லுக்குச் சொல் அதேதான், ராகம் மட்டும் வேறு. யாசீன், பிறகு தஹ்லீல், தலைகள் இடமும் வலமுமாக ஆட ஆட வேகம் கூடிக்கொண்டே போகிறது. ஆண்கள் ஓதுவதைப் பெண்கள் சமையலறை வாசலிலிருந்து கேட்பதும் அதேதான். எங்க வீட்டில் என்றால் எட்டிப் பார்க்கும் பிள்ளைகளை யாராவது அதட்டுவார்கள், இங்கே அதட்டவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் இந்த வீட்டு மனிதரைப் பாதுகாப்பு உடை போட்டவர்கள் அடக்கினார்கள், மகன்மார் தூரத்தில் நின்று பார்த்தார்கள். ஏழு நாள் தஹ்லீல் ஸ்க்ரீனில் நடந்தது. நூறாவது நாளைக்கும் இருபது பேருக்கு மேல் கூடவில்லை. இன்றைக்குத்தான் கூடம் நிரம்பி, தெருவிலும் நாற்காலி போட்டிருக்கிறது. ம்பாக் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அழவில்லை. எத்தனை பேர் என்று எண்ணிக்கொண்டிருந்தார், பெட்டி போதுமா என்று.

பெட்டியைப் பற்றிச் சொல்லவேண்டும். இங்கே கந்தூரிக்குப் பெயர் கெந்துரி, பாரசீகத்திலிருந்து வந்த அதே சொல். அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுவது கொஞ்சம்தான், முக்கியமானது வீட்டுக்குக் கொண்டுபோகும் பெட்டி. அதற்குப் பெயர் பெர்காத், நம்ம பரக்கத்து. 180 பெட்டி போட்டோம். சோறு, எருமைக்கறி, உருளைக்கிழங்கு சம்பல், சேமியா, அவித்த முட்டை பாதி, ஒரு வாழைப்பழம், தனிப் பையில் அப்பளம், வாழை இலைத் துண்டின் மேல் ஒரு அபெம். மூடியின் மேல் மவுத்தானவர் பெயர் அச்சடித்த சீட்டு. கூடவே ஒரு சின்ன யாசீன் புத்தகம், முதல் பக்கத்தில் அவருடைய போட்டோ. அதே சிரிப்பு, தோஹாவில் வீடியோ காலில் என்னிடம் "சாப்பிட்டியா" என்று ஜாவானியத்தில் கேட்பாரே அந்தச் சிரிப்பு. இனி இந்தத் தெருவில் யார் வீட்டில் யாசீன் எடுத்தாலும் அவர் முகத்தைத் திறந்துதான் ஓதவேண்டும்.

அபெம் நம்ம அப்பம்தான். அரிசிமாவு, தேங்காய்ப்பால், புளிப்பு. சொல்லும் தமிழிலிருந்து போனது என்கிறார்கள். ஆனால் இந்த வீட்டுப் பெண்களிடம் அதைச் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்! அபெம் என்பது "அஃப்வுன்", மன்னிப்பு என்ற அரபுச் சொல் என்கிறார்கள். நோன்புக்கு முந்தைய இந்த ருவா மாதத்தில் (ஷஃபான்தான், அர்வாஹ் என்பதிலிருந்து ருவா) அபெம் சுட்டு அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தால் மன்னிப்புக் கேட்டதாக அர்த்தம். இரண்டு கிழவிகளோடு அரைமணி நேரம் வாதாடினேன். கடைசியில் ஒருவர், "சரி, உங்கள் ஊரில் அப்பத்தை எதற்குச் சாப்பிடுவீர்கள்?" என்றார். பசிக்கு என்றேன். பாவம் என்பது போலப் பார்த்தார்.

கடைசிப் பெட்டியைத் தம்பி மனைவி தன் பையில் வைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். அவரும் நான் பார்ப்பதைப் பார்த்தார். "பக்கத்து வீட்டுக்காரர் தந்த சாப்பாடு, டிக்" என்றார்.

ஐந்தாம் நாள், 8 மார்ச், தெமாக்

வெள்ளி. எல்லோருக்கும் உடம்பு வலி. ஒரு மணி நேரத் தூரத்தில் தெமாக், ஜும்ஆவுக்குப் போனோம். பிப்ரவரி 8-ல் வூலான் ஆற்றுக் கரை உடைந்து இந்தப் பாதையே மூழ்கிக் கிடந்ததாம், வழியில் வீட்டுச் சுவர்களில் இடுப்பளவுக்குச் சேற்றுக்கோடு இன்னும் இருக்கிறது. பெரிய பள்ளிக்கு மூன்றடுக்குக் கூரை, குவிமாடம் எதுவும் கிடையாது. நடுவில் நான்கு பெருந்தூண், அதில் ஒன்றை சுனான் காலிஜாகா மரச்சிராய்களைச் சேர்த்துக் கட்டியே செய்தார் என்பது கதை. பெண்களுக்குத் தனிக் கூடம், பவெஸ்த்ரென். இப்போது தயங்கவில்லை, நேராகப் போய் முக்கெனாவைத் தேடினேன். உண்டியலில் காசு போட சில்லறை எடுத்தால் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது கியூஆர் கோடு, ஒரு கிழவர் போனைக் காட்டி ஸதக்கா போட்டுக்கொண்டிருந்தார்.

ஆறாம் நாள், 9 மார்ச்

ம்பாக்கின் தம்பி குடும்பத்தோடு காரில் யோக்யகர்த்தா. ஐந்து மணி நேரம், பாதி நேரம் தூக்கம். விழித்திருந்தபோது நான் இந்த ஊர் ஒற்றுமையைப் பற்றி ரொம்பவும் புகழ்ந்துவிட்டேன் போல, தம்பி கண்ணாடியில் என்னைப் பார்த்து, "எல்லாம் அபெம் மாதிரி மெத்தென்று இருக்கும் என்று நினைக்காதீர்கள்" என்றார். 2012-ல் மதுரா தீவின் சம்பாங்கில் ஷியா குடும்பங்களின் வீடுகளை எரித்து ஊரைவிட்டே துரத்தினார்கள். சுராபாயாவிலிருந்து பாலம் தாண்டினால் மதுரா. அஹ்மதியாக்களின் நிலையும் அப்படித்தான். முஹம்மதியாவும் நஹ்தலத்துல் உலமாவும் ஒருவர் பெட்டியை ஒருவர் வாங்குவது, இரண்டும் பெரிய அமைப்புகள் என்பதாலும்தான் என்று அவர் சொன்னதை இங்கே பதிந்துவைக்கிறேன்.

ஏழாம் நாள், 10 மார்ச், காவுமான்

தம்பி மனைவியின் தாய்வீடு காவுமானில், சுல்தான் அரண்மனைக்கு எதிரே பெரிய பள்ளியின் பின்னால். குறுகிய சந்துகள், மோட்டார் சைக்கிளில் வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகவேண்டும் என்று வாசலிலேயே பலகை. எங்க ஊர் முடுக்குகள் போலவே வெள்ளைச் சுவருக்கு நடுவே நிழல். இங்கேதான் அஹ்மத் தஹ்லான் 1890-களில் கிப்லா, அதாவது தொழும் திசை, சரியாக இல்லை என்று சொன்னார். பள்ளி மேற்கே பார்த்து நிற்கிறது, மக்காவோ அதிலிருந்து வடக்கே சாய்வாக இருக்கிறது. கணக்குப் போட்டுக் காட்டினார், ஏற்கவில்லை. தன் சொந்தத் தொழுமிடத்தைச் சரியான திசையில் கட்டினார், இடித்துவிட்டார்கள். திரும்பவும் கட்டினார். இன்றைக்குப் பெரிய பள்ளிக்குள்ளும் ஸஃப்புகள், தொழும் வரிசைகள், சாய்வாகத்தான் நிற்கின்றன.

இன்றைய பிரச்சினை பிறை. முஹம்மதியா ஜனவரியிலேயே கணக்குப் போட்டு அறிவித்துவிட்டது, நாளை 11-ம் தேதி தலைநோன்பு. சூரியன் மறையும்போது நிலவு அடிவானத்துக்கு மேலே இருந்தால் போதும் என்பது அப்போது அவர்கள் வைத்திருந்த அளவு. அரசாங்கத்துக்கு 3 டிகிரி உயரமும் சூரியனிலிருந்து 6.4 டிகிரி விலகலும் வேண்டும். இன்றைக்கு நிலவு ஒரு டிகிரிகூட ஏறவில்லை. டிவியில் அமைச்சர் வந்து 12-ம் தேதி செவ்வாய்தான் என்று அறிவித்தபோது இந்தச் சந்தில் அதைக் கேட்க ஆளில்லை, எல்லோரும் தராவீஹில்.

நானும்தான். பெண்கள் மட்டும் தொழும் ஒரு சின்னப் பள்ளி இங்கே இருக்கிறது, 1920-களில் ஆயிஷிய்யா என்ற முஹம்மதியாவின் பெண்கள் அமைப்புக்காகக் கட்டியது. இமாமும் பெண். முன்னால் தனியாக நிற்கவில்லை, முதல் ஸஃப்பின் நடுவில் எல்லோரோடும் நின்று ஓதினார். எங்க தைக்காவில் ஓதுகிற லாத்தாவும் அப்படித்தான் நிற்பார். எட்டு ரக்அத், மூன்று வித்ரு, முடிந்தது. நான் எங்க ஊர் மாதிரி இருபது என்று நினைத்து, இன்னும் பன்னிரண்டு வரும் என்று எழுந்து நின்றுவிட்டேன்! பக்கத்திலிருந்த பெண் முக்கெனாவின் நுனியைப் பிடித்து மெதுவாக உட்காரவைத்தார்.

எட்டாம் நாள், 11 மார்ச்

நாடு முழுக்க விடுமுறை, பாலிக்காரர்களின் ந்யெபி புத்தாண்டு. அதிகாலை மூன்றரைக்கு அடுப்புச் சத்தம். எழுந்து பார்த்தால் தம்பி ஸஹருக்கு முட்டை பொரித்துக்கொண்டிருக்கிறார், மனைவிக்கு. அவருக்கு நோன்பு நாளைக்கு. பகலெல்லாம் நாங்கள் பின்கட்டில் ஒளிந்து சாப்பிட்டோம். தம்பி மட்டும் ஒரு தடவை மறந்து கூடத்திலேயே காபி குடித்துவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார். வீட்டில் மூன்று பிள்ளைகள், மூத்தவன் உம்மா பக்கம், மகள் வாப்பா பக்கம். கடைக்குட்டிக்கு ஏழு வயது, இரண்டு நாளும் அரை நோன்பு பிடித்து ஒன்றாகக் கணக்கில் வைக்கச் சொல்கிறான்.

மஃரிபுக்குத் தம்பி மனைவி நோன்பு திறந்தார். மாமியார் குடுஸிலிருந்து கட்டிக்கொடுத்த அபெம், ஃப்ரீஸரில் இருந்ததை ஆவியில் வைத்து எடுத்தது. வெல்லப்பாகு ஊற்றி எனக்கும் ஒரு தட்டு தந்தார். கொஞ்ச நேரத்தில் காயலிலிருந்து உம்மா போன், இன்றைக்குப் பிறை தெரிந்துவிடுமாம், நமக்கும் நாளைக்குத்தான் என்றார். இன்று ராத்திரி தம்பியோடு அவர்கள் பள்ளியில் இருபதும் மூன்றும், காலுக்குத் தைலம் தேய்த்து வைத்திருக்கிறேன்.

தட்டைப் போட்டோ எடுத்துக் குடும்ப குரூப்பில் போட்டேன். யார் யாரோ இதயம் போட்டார்கள். வழக்கமாக எதற்கும் வாய் திறக்காத காக்கா, "ஆப்பமா அது?" என்று கேட்டிருக்கிறார்.

ஆமாம், இனிப்பு என்று பதில் போட்டேன். எந்த வீட்டு விசேஷத்தில் சுட்டது என்று காக்கா கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.